ஆய்வகத்துக்கு முந்தைய இரவு

2020-இல் வகுப்பறைகள் மூடிக்கிடந்த நாட்களில், பகுதிநேர முதுகலை மாணவனாக இயந்திரக் கற்றல் படித்தேன். வாரம் ஒரு நிரல் ஆய்வகம், இணைய வழியில். இரண்டு மணி நேரத்துக்குள் ஜூபிட்டர் நோட்புக்கில் விடுபட்ட வரிகளை நிரப்பி அனுப்ப வேண்டும். திருத்தி மதிப்பெண் போடுவதும் ஒரு நிரல்தான். முந்தைய இரவில் நான் செய்த தயாரிப்பெல்லாம் பைத்தானின் பதிப்பைச் சரிபார்ப்பதும், நிரல் தொகுப்புகளை நிறுவுவதும், மின்சாரம் போனால் கைகொடுக்கக் கைபேசி இணைப்பைத் தயாராக வைப்பதும்தான். மூன்றாம் வாரம் பாஸ்டன் வீட்டு விலைகளைக் கணிக்கும் பயிற்சி. நூற்றுக்கு நூறு கிடைத்தது. 506 வீடுகளின் விலையைக் கணித்துவிட்டதாக வீட்டில் பெருமையடித்துக்கொண்டேன்.

அந்த 506-இல் ஒரு வீடுகூட இல்லை என்பது அடுத்த ஆண்டுதான் எனக்குத் தெரிந்தது.

சைக்கிட்-லேர்ன் தொகுப்பின் 1.0 பதிப்பு 2021 செப்டம்பரில் வெளிவந்தது. அதை நிறுவிக்கொண்டு பழைய பயிற்சியை மீண்டும் ஓட்டியபோது, இந்தத் தரவில் அறம் சார்ந்த சிக்கல் உண்டு, இது விரைவில் நீக்கப்படும் என்று ஓர் எச்சரிக்கை திரையில் வந்தது. அதன் பிறகே இந்தத் தரவு எங்கிருந்து வந்தது என்று தேடினேன். டேவிட் ஹாரிசன், டேனியல் ரூபின்ஃபெல்ட் ஆகிய இருவரும் 1978-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைக்காகத் திரட்டியது அது. தூய காற்றுக்காக மக்கள் எவ்வளவு கூடுதல் விலை கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள் என்பதே அவர்களுடைய கேள்வி. ஒவ்வொரு வரிசையும் 1970 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஒரு வட்டாரம்; விலை என்று நான் நினைத்தது அவ்வட்டாரத்து வீடுகளின் இடைநிலை மதிப்பு. அந்த மதிப்பும் 50,000 டாலரில் வெட்டப்பட்டிருக்கிறது. 16 வரிசைகள் மிகச் சரியாக 50 என்ற எண்ணில் நிற்கின்றன. வரைபடமாகப் போட்டுப் பார்த்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். நான் பார்க்கவில்லை.

எச்சரிக்கைக்குக் காரணம் ‘பி’ என்று தலைப்பிட்ட பத்தி. வட்டாரத்திலுள்ள கறுப்பின மக்களின் விகிதத்திலிருந்து 0.63-ஐக் கழித்து, வருவதை வர்க்கமாக்கி, ஆயிரத்தால் பெருக்கிய எண் அதில் இருக்கிறது. அவர்கள் குறைவாக வாழும் இடத்தில் அவ்விகிதம் கூடக்கூட வீட்டு மதிப்பு இறங்கும், மிக அதிகமான நிலையில் மறுபடி ஏறும் என்ற ஊகம் அந்தச் சூத்திரத்துக்குள்ளேயே வைத்துக் கட்டப்பட்டிருக்கிறது. வர்க்கமாக்கியதால் பின்னோக்கிப் போகவும் வழியில்லை: 0.53 விகிதமும் 0.73 விகிதமும் ஒரே 10-ஐத்தான் தரும். நான் கற்பித்த மாதிரி இந்தப் பத்தியை மற்றவற்றைப் போலவே விழுங்கியது. திருத்தும் நிரல் பிழையின் அளவை மட்டும் பார்த்தது. 2022 டிசம்பரில் வந்த 1.2 பதிப்பிலிருந்து இந்தத் தரவு நீக்கப்பட்டுவிட்டது. அதற்குள் என்னைப் போல எத்தனை மாணவர்கள் அதைத் திறந்துபார்க்காமலேயே முழு மதிப்பெண் வாங்கியிருப்பார்கள்!

ஆய்வகத்துக்கான தயாரிப்பு என்பது முதலில் வாசிப்பு. நிரல் எழுதுவது அதற்குப் பின்னர்தான் என்பது என் கட்சி. தரவும் ஒரு பிரதியே. யார், எப்போது, எதற்காக எழுதினார்கள் என்று கேட்காமல் ஒரு பிரதியை நாம் வாசிப்பதில்லை. ஐந்தாறு வரிசைகளைக் கண்ணால் படித்து, ஒவ்வொரு பத்தியும் எதைக் குறிக்கிறது என்று சொந்த மொழியில் ஒரு வாக்கியம் எழுதிவிட்டு உட்கார்ந்தால், அந்த இரண்டு மணி நேரமே வேறு மாதிரி இருக்கும்.

இரண்டாவது தயாரிப்பு, காகிதமும் பென்சிலும். சரிவு இறக்கம் என்ற முறையை மூன்று புள்ளிகளை வைத்துக் கையால் செய்து பாருங்கள். எக்ஸ் 1, 2, 3. ஒய் 2, 4, 6. மூலப்புள்ளி வழியாகச் செல்லும் கோட்டின் சாய்வு 2 என்பது நமக்குத் தெரியும். பூஜ்யத்தில் தொடங்கி, சராசரி வர்க்கப் பிழையைக் குறைத்துக்கொண்டு, கற்றல் வீதம் 0.1 என்று வைத்தால், முதல் அடியில் 1.87, அடுத்த அடியில் 1.99. வீதத்தை 0.3 ஆக்கினால் முதல் அடியில் 5.6, அடுத்த அடியில் -4.48, ஒவ்வொரு அடியும் விடையிலிருந்து மேலும் விலகிப் போகிறது. அரை மணி நேர வேலைதான். இதைக் கையால் செய்தவர், ஆய்வகத்தில் பிழை எண் வெடித்துப் பெருகும்போது கணினியைக் குறை சொல்லமாட்டார், வீதத்தைத் தொடுவார்.

வேலைக்குப் போனால் யாரும் கையால் கணக்குப் போடுவதில்லை, இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்பவர்கள் உண்டு. இரவு பத்து மணிக்கு மேல் படிக்க உட்காரும் ஒருவரின் களைப்பு எனக்கும் தெரியும் என்பதால் அந்தக் கேள்வியை அலட்சியப்படுத்த மாட்டேன். ஆனால் விடுபட்ட வரிகளை நிரப்பும் வேலையை இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் சில நொடிகளில் செய்துவிடுகின்றன. மாணவரிடம் மிஞ்சியிருப்பது, வந்த விடை நம்பத் தக்கதா என்று சொல்லும் பொறுப்பு மட்டுமே. அந்தப் பொறுப்புக்கு இவ்விரண்டு தயாரிப்புகளையும் தவிர வேறு குறுக்குவழி எனக்குத் தெரியவில்லை. இதே மாணவர்கள்தாம் நாளை கடன் விண்ணப்பங்களையும் மருத்துவப் பதிவுகளையும் கையாளப் போகிறார்கள். அங்கே ‘பி’ போன்ற ஒரு பத்தி வந்தால் எச்சரிக்கை எதுவும் திரையில் வராது.

பாடம் நடத்துபவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு ஆய்வகத்திலும் முதல் கேள்வியாக, “இந்தத் தரவில் ஒரு வரிசை என்பது என்ன?” என்று கேளுங்கள். அதற்குப் பத்து மதிப்பெண் வையுங்கள். அப்படிக் கேட்டிருந்தால் 2020-இல் எனக்குத் தொண்ணூறுதான் கிடைத்திருக்கும். அந்தப் பத்து ஏன் போனது என்று அன்றிரவே தேடிப் படித்திருப்பேன்.