களைக்கு ஆள் இல்லையென்றால் விஷம் தாங்கும் விதையா?



நம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் நாலு நாளாக ஒரே பேச்சு. களைக்கொல்லி அடித்தாலும் சாகாத மரபணு மாற்றுப் பயிரை அரசு உடனே அனுமதிக்க வேண்டுமாம். "களை வெட்ட ஆளே இல்ல சார், நீங்க வந்து வெட்டுவீங்களா?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. பதில் நீளம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

கிளைபோசேட் என்கிற மருந்து, செடி தனக்கு வேண்டிய சில அமினோ அமிலங்களைத் தயாரிக்க உதவும் நொதியை முடக்குகிறது. செடி காய்ந்துபோகும். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிடம் இந்த மருந்துக்கு மசியாத நொதி இருந்தது. அந்த மரபணுவை எடுத்துப் பயிரில் வைத்தார்கள். அந்த மரபணு பூச்சியைத் தடுக்காது, வறட்சியைத் தாங்காது, ஒரு காய் கூடுதலாகக் காய்க்க வைக்காது. கடை விஷத்தைத் தாங்கும், அவ்வளவுதான். விதை வாங்கினால் மருந்தும் வாங்கியாக வேண்டும். வியாபாரம் புரிகிறதா?

அமெரிக்காவில் 1996-லேயே இப்படிப்பட்ட சோயா வந்துவிட்டது, பின்னாலேயே பருத்தி. பத்து வருஷம் தாங்கவில்லை. ஜார்ஜியா மாநிலப் பருத்திக் காட்டில் மருந்துக்கு அசையாத ஒரு களை கிளம்பியது. அது என்ன தெரியுமா? நம் முளைக்கீரைக்குப் பங்காளிச் செடி! கடைசியில் அங்கேயும் கையால் பிடுங்க ஆள் வைத்தார்கள்.

நம் அரசின் கூத்தையும் சொல்ல வேண்டும். 2022 அக்டோபரில், கிளைபோசேட்டைப் பயிற்சி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்கள் மட்டுமே அடிக்கலாம் என்று உத்தரவு. அதே மாதம், குளுஃபோசினேட் என்ற இன்னொரு களைக்கொல்லியைத் தாங்கும் டிஎம்எச்-11 கடுகுக்கு மத்திய அரசின் பச்சைக்கொடி! அந்த வழக்கில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். இத்தனைக்கும் அதே நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு, இந்த வகைப் பயிர் இந்தியாவுக்குப் பொருந்தாது என்று 2013-லேயே எழுதிக் கொடுத்துவிட்டது. களையெடுப்புக் கூலியை நம்பியிருக்கும் ஏழைகளின் பிழைப்பையும் அந்தக் குழு யோசித்தது.

அந்த ஏழைகள் யார்? மரக்காணத்தில் மழை பிடித்தால் உப்பளம் நின்றுவிடும். அந்த மாதங்களில் பிழைப்பு இல்லை என்பதால்தான் அரசே உப்பளத் தொழிலாளருக்கு 5,000 ரூபாய் தருகிறது. 5,000-ல் எத்தனை நாள் ஓடும்? உப்பு வாரிய பெண்களுக்கு அப்போது கை கொடுப்பது நடவும் களையும்தான். மல்லாட்டைக் கொல்லையில் களை வெட்டிவிட்டு வரும்போது கூலி மட்டுமா வரும்? மடியில் பண்ணைக்கீரையும் பருப்புக்கீரையும் வரும். ராத்திரிக் குழம்பு அதுதான். உங்களில் பாதிப்பேரைப் படிக்க வைத்தது அந்தக் கூலி. வெளிநாட்டில் உட்கார்ந்து கட்டைவிரல் தூக்குகிற பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சரி, ஆள் பற்றாக்குறை பொய்யா? பொய்யில்லை. நடவு, களை எல்லாம் ஒரே நேரத்தில் வரும்போது கூப்பிட்ட நாளுக்கு ஆள் வருவதில்லை, கூலியும் கட்டுவதில்லை. அதற்குக் கருவி கேளுங்கள். வரிசை நடவு நெல்லுக்குக் கோனோவீடர் இருக்கிறது, கொல்லைக்குப் பவர் வீடர் இருக்கிறது. வேளாண் பொறியியல் துறை டிராக்டரை வாடகைக்கு விடுகிறதல்லவா, அதேபோல் ஊருக்கு இரண்டு பவர் வீடர் கொடு என்று கிராம சபையில் எழுந்து கேட்டவர் உங்களில் யார்? கருவி ஓட்ட அந்தப் பெண்களுக்கே பழக்கிக் கொடுத்தால் கூலியும் அவர்களிடமே நிற்கும்.

இன்னொன்று. அமெரிக்கக்காரனுக்கு ஆயிரம் ஏக்கர். நமக்கு முக்கால் காணி, வரப்பைத் தாண்டினால் பங்காளி நிலம். நீ அடிக்கிற மருந்து கடல் காற்றில் பறந்து அவன் உளுந்தில் விழுந்தால் உளுந்து கருகும். அந்தப் பஞ்சாயத்தை எந்த விதைக் கம்பெனிக்காரன் வந்து பேசுவான்?

கேள்வி கேட்ட தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம். அடுத்த கிராம சபையில் பவர் வீடர் மனுவை நீ எழுது, நான் முதல் கையெழுத்துப் போடுகிறேன்.