சுருக்கச் சொல்லும் சுடுசொல்லும்

ஒரே சொல்லில் பல செய்திகளைச் சொல்லிவிடலாம் என்பதால்தான் நாம் சொற்களைச் சுருக்குகிறோம். அப்படிச் சுருக்கும்போது மனிதரையும் சுருக்கிவிடலாமா? மரக்கறி உண்போர் இணையத்தில் தமக்குள் வழங்கும் சொற்களைக் கவனித்தால் இந்தக் கேள்வி எழுகிறது.

'வீகன்' என்பதே ஒரு சுருக்கம்தான். 1944 இல் இங்கிலாந்தில் டொனால்ட் வொட்சனும் அவரது குழுவினரும், பாலையும் முட்டையையும்கூடத் தவிர்ப்போருக்கு ஒரு தனிப் பெயர் தேடினார்கள். 'வெஜிடேரியன்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்துக்களையும் கடைசி இரண்டு எழுத்துக்களையும் சேர்த்து இப்பெயரை உருவாக்கினார்கள். இன்று இரு சாராரையும் ஒன்றாகக் குறிக்க, நடு எழுத்துக்களுக்குப் பதிலாக ஒரு நட்சத்திரக் குறியை இட்டு எழுதுகிறார்கள். 'லக்டோ' என்றால் பால் சேர்ப்பவர். 'ஓவோ' என்றால் முட்டை சேர்ப்பவர். எல்லாம் உண்பவர் 'ஒம்னி'.

இத்தகைய தெளிவு நமக்கும் தேவை. 'சைவச் சாப்பாடு' என்ற சொல் எல்லோருக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. 'வெஜிடேரியன்' எனச் சொல்லும் மேலைநாட்டவர் பலர் முட்டை உண்பார்கள். நம் நாட்டுச் சைவ வீடுகளில் முட்டையும் மச்சத்தோடுதான் சேரும். தயிரும் நெய்யும் சைவ உணவுதான். ஆனால் வீகன் அவற்றைத் தொடமாட்டார். தேங்காய்ச் சம்பலில் இடித்துச் சேர்த்த மாசி கண்ணுக்கே தெரியாது. ஜெலட்டின் எதிலிருந்து வந்தது என்று பொதியைத் திருப்பிப் பார்க்கும் நமக்கு இந்தக் கவலை புதிதல்ல. அதேவேளை, 'வீகன்' என்று எழுதியிருப்பதால் மட்டும் ஓர் உணவு ஹலாலாகிவிடாது. அதில் மதுசாரம் சேர்ந்திருக்கலாம்.

ஆனால் எல்லாச் சுருக்கங்களும் உணவைப் பற்றியவை அல்ல. இறைச்சி உண்பதை ஒரு கொள்கையாகக் காட்ட, மெலனி ஜோய் என்ற அமெரிக்க உளவியலாளர் 2001 இல் 'கார்னிசம்' என்ற சொல்லை அறிமுகப்படுத்தினார். அதிலிருந்து வந்த 'கார்னிஸ்ட்' என்ற சொல் இன்று விவாதங்களில் வசைச்சொல்லாகவே வீசப்படுகிறது. 'இரத்தவாய்' எனப் பொருள்படும் சொல்லும் உண்டு. மறுபக்கத்தாரும் சளைத்தவர்கள் அல்லர். மரக்கறி உணவை 'முயல் தீனி' என்று கேலி செய்கிறார்கள்.

'ஒம்னி' என்பது ஒருவரின் தட்டில் இருப்பதைச் சொல்கிறது. 'இரத்தவாய்' என்பதோ அவருடைய உள்ளத்துக்கே தீர்ப்பு வழங்குகிறது. அந்த உரிமையை நமக்கு யார் தந்தார்? பட்டப்பெயர் சூட்டி ஒருவரையொருவர் இழிவுபடுத்தக் கூடாது என்று அல்குர்ஆனின் ஹுஜுராத் அத்தியாயம் நம்மைத் தடுக்கிறது. உழ்ஹிய்யா இறைச்சியைப் பங்கிடுவது நமக்கு வணக்கம். உயிர்களுக்கு இரங்கி இறைச்சியை விடுவது இன்னொருவரின் மனச்சாட்சி. இருவரும் பேசிப் புரிந்துகொள்ளலாம். முதலிலேயே வசைச்சொல் விழுந்துவிட்டால் அந்தப் பேச்சு தொடங்குவதே இல்லை.

எனவே தோழியரே, பெற்றோரே, விருந்துகளில் ஒரு சிறு வழக்கத்தைத் தொடங்குவோம். ஒவ்வொரு உணவின் அருகிலும் 'மாசி உண்டு', 'முட்டை உண்டு', 'நெய் உண்டு' என்று எழுதி வைப்போம். உணவுக்கு எத்தனை பெயர்களும் இருக்கட்டும். உண்பவரை அவரது சொந்தப் பெயரால் அழைப்போம்.