மலிவுக் காலம் என்றொரு பொய்

எங்கள் கல்லூரிக் கலைவிழாவில் போன ஆண்டு மாணவியர் ஒரு பெட்டிக்கடை போட்டிருந்தார்கள். '80-கள் கடை' என்று பெயர். கண்ணாடிச் சாடிகளில் தேன்மிட்டாய், கமர்கட், எலந்தவடை. மூலையில் ஒரு டேப்ரெக்கார்டரில் இளையராஜா. பாவாடை தாவணியும் இரட்டைச் சடையுமாகப் பிள்ளைகள். வாசலில் ஒரு கரும்பலகை: இட்லி 25 காசு, டீ 30 காசு, தீப்பெட்டி 25 காசு, சினிமா டிக்கெட் 75 காசு, தபால் கார்டு 15 காசு. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில், 'அது ஒரு பொற்காலம்'.

என்னோடு வந்த ஆண் பேராசிரியர்கள் இருவர் அந்தப் பலகைக்கு முன்னால் நின்று உருகிவிட்டார்கள். "எங்க அப்பாவுக்குச் சம்பளம் ஐந்நூறுதான் மேடம். ஆனா வீட்ல எல்லாரும் ராஜா மாதிரி இருந்தோம்" என்றார் ஒருவர். எல்லாரும் என்றால் யார் யார் என்று கேட்க வாயெடுத்தேன். விழா நாளில் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இங்கே கேட்கிறேன்.

முதலில் அந்த மலிவைப் பார்த்துவிடுவோம். 1980, 1981 இரண்டு ஆண்டுகளிலும் இந்தியாவில் விலைவாசி இரட்டை இலக்க விழுக்காட்டில் ஏறியது. 1980 ஜனவரித் தேர்தலில் வெங்காய விலை ஒரு பிரச்சாரப் பொருளாகவே இருந்தது. 1983 ஜனவரியில் ஆந்திராவில் என்.டி.ராமராவ் ஆட்சியைப் பிடித்தபோது, மக்கள் மனதில் பதிந்திருந்த வாக்குறுதி கிலோ 2 ரூபாய்க்கு அரிசி. யோசித்துப் பாருங்கள். அரிசி அவ்வளவு மலிவாகக் கிடைத்திருந்தால், இரண்டு ரூபாய் அரிசிக்காக யாராவது வரிசையில் நின்று ஓட்டுப் போட்டிருப்பார்களா? இன்றைய சம்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு அன்றைய விலைப்பட்டியலைப் படிக்கிறவர்களுக்குத்தான் அது மலிவு. அன்றைக்கு அது விலைவாசி. அதை எதிர்த்து முதலில் தெருவுக்கு வந்தவர்களும் பெண்கள்தான். எழுபதுகளின் தொடக்கத்தில் பம்பாயில் மிருணாள் கோரே, அகல்யா ரங்னேகர் போன்றவர்களின் தலைமையில் பூரிக்கட்டையும் தட்டும் ஏந்தி ஊர்வலம் போனார்கள். 1981இல் நம் சென்னையில்தான் அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் தொடங்கப்பட்டது. பொற்காலத்தில் இவர்களுக்கு என்ன வேலை?

என்னிடம் அந்தக் காலத்தின் கணக்கு நோட்டுகள் மூன்று இருக்கின்றன. அம்மாவுடையவை. நாங்கள் சாத்தூரில் இருந்தோம். அப்பா ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதினார், ஆனால் வீட்டுக் கணக்கை எழுதியது அம்மா. ஊரார் கணக்கை எழுதினால் அது உத்தியோகம், அதற்குச் சம்பளம் உண்டு. வீட்டுக் கணக்குக்கு அந்தப் பெயர் கிடையாது. நாற்பது பக்க நோட்டு, இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு. மண்ணெண்ணெய், புளி, அப்பாவின் சவரச் செலவு, என் சிலேட்டுக் குச்சி எல்லாம் வரிசையாக இருக்கும். வரவுப் பக்கத்தில் அப்பாவின் சம்பளத்துக்குக் கீழே தினமும் ஒரு வரி. 'பெட்டி 4 குரோசு – 1.60'.

சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டிப் பக்கம் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். குரோசு என்றால் 144. தீப்பெட்டிக் கம்பெனியிலிருந்து வெட்டிய அட்டையும் தாளும் வீட்டுக்கு வரும். மைதாப் பசை காய்ச்சி, மடித்து ஒட்டி, காயவைத்து, எண்ணிக் கட்டிக் கொடுக்க வேண்டும். நான்கு குரோசு என்றால் 576 பெட்டி. அடுப்பு, தண்ணீர்க் குடம், ஆட்டுரல், மாமியார், இரண்டு பிள்ளைகள், இத்தனைக்கும் நடுவில் ஒட்டியவை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு பெட்டிக்கு அம்மாவுக்குக் கிடைத்தது கால் காசுக்குக் கொஞ்சம் மேல். எங்கள் மாணவியரின் பலகையில் 25 காசு என்று எழுதியிருந்ததே, அந்தத் தீப்பெட்டிதான்.

ஆறு வயதில் நான் பசை தடவுவேன். விரல் நுனியில் தோல் உரிந்து சோறு பிசையும்போது எரியும். வீட்டில் இருந்த ஒரே ஆடம்பரம் ஒரு டிரான்சிஸ்டர். இலங்கை வானொலியில் கே.எஸ்.ராஜாவின் குரல் வந்துவிட்டால் தெரு முழுக்க ஒரே அலைவரிசைதான். அந்த மகிழ்ச்சி பொய் என்று நான் சொல்லவில்லை. அம்மா பாட்டோடு சேர்ந்து முணுமுணுப்பாள், சில நாள் சிரிப்பாள்கூட. ஆனால் அவளுக்குப் பாட்டு ஒரு கடிகாரமும்தான். ஒரு பாட்டு முடிவதற்குள் பதினைந்து பெட்டி என்பது அவள் வைத்திருந்த அளவு. நான்கு குரோசுக்கு நாற்பது பாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. எண்பதுகளின் இசை பற்றி எத்தனையோ கட்டுரைகள் வந்துவிட்டன. அவற்றில் ஒன்றிலாவது, அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்த பெண்ணின் கைகள் என்ன செய்துகொண்டிருந்தன என்ற கேள்வி வந்திருக்கிறதா?

எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலையை 'ஆபீஸ்' என்றுதான் சொல்வோம். "அவ ஆபீஸுக்குப் போறா" என்றால் கட்டை அடுக்கப் போகிறாள் என்று பொருள். சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து விடியுமுன்னே கம்பெனி பஸ்களில் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு வருவார்கள். அவர்களில் பெரும்பாலோர் சிறுமிகள். பையன்கள் பள்ளிக்கூடத்துக்கு, பெண்கள் ஆபீஸுக்கு என்று பிரித்துக்கொண்ட வீடுகள் எங்கள் தெருவிலேயே இருந்தன. ராஜம் கிருஷ்ணன் சிவகாசிப் பக்கம் வந்து, பார்த்து, கேட்டு, 'கூட்டுக்குஞ்சுகள்' நாவலை எழுதினார். தமிழ்த்துறைகளில் எண்பதுகளின் இலக்கியம் பேசும்போது அந்த நாவலின் பெயர் எத்தனை முறை வருகிறது என்று என் சக ஆசிரியர்கள் தங்களையே கேட்டுக்கொள்ளட்டும். நானும்தான். முனைவர் பட்டம் வாங்கிச் சில ஆண்டுகள் கழித்தே அதை நான் படித்தேன்.

அடுத்து சினிமா. 1982 ஆகஸ்டில் வந்த 'சகலகலா வல்லவன்' அந்தக் காலத்தின் பெரிய வெற்றிகளில் ஒன்று. அதில் கமல்ஹாசன் பாடும் புத்தாண்டுப் பாட்டு இன்றும் டிசம்பர் 31 நள்ளிரவில் ஒலிக்கிறது. பாட்டை நினைவு வைத்திருக்கிறோம், கதையை மறந்துவிட்டோம். பணக்கார வீட்டுப் பையன் நாயகனின் தங்கையைக் கெடுத்துவிடுகிறான். நாயகன் என்ன செய்கிறான்? வேடம் போட்டு, அந்த வீட்டுப் பெண்ணையே கல்யாணம் செய்து, கெடுத்தவனுக்கே தங்கையைக் கட்டிவைக்கிறான். இரண்டு பெண்களை வைத்து இரண்டு ஆண்கள் ஆடும் பகடை. இதற்குத்தான் கொட்டகை விசிலடித்தது.

இதே ஆண்டுகளில் நாட்டில் வேறு என்ன நடந்துகொண்டிருந்தது என்று பாருங்கள். மதுரா என்ற ஆதிவாசிச் சிறுமி காவல் நிலையத்தில் வன்புணர்வுக்கு ஆளான வழக்கில், காவலர் இருவரையும் 1978இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. 1979இல் நான்கு சட்ட ஆசிரியர்கள் நீதிமன்றத்துக்குத் திறந்த கடிதம் எழுதினார்கள். 1980இல் பல நகரங்களில் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. ஒருபுறம் பெண்கள் 'சம்மதம்' என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டுப் போராடுகிறார்கள், மறுபுறம் திரையில் தாலிதான் தீர்ப்பு. எண்பதுகள் என்றால் இரண்டாவது மட்டும்தான் நம் நினைவில் நிற்கிறது. முதலாவதுக்குப் பாட்டு இல்லை, அதனால்தானோ என்னவோ.

எல்லாப் படமும் அப்படி என்று சொல்ல மாட்டேன். 1984இல் 'விதி' வந்தது. படத்தைப் பார்க்காதவர்களும் வசனத்தைக் கேட்டார்கள். கல்யாண வீடு, காதுகுத்து, டீக்கடை, எங்கும் ஒலிபெருக்கியில் அந்த நீதிமன்ற வாதம்தான். ஏமாற்றியவனைக் கூண்டில் நிறுத்தி, வக்கீலாக வரும் சுஜாதா கேள்வி கேட்கிற கட்டம் வந்தால் அம்மா பெட்டி ஒட்டுவதை நிறுத்திவிடுவாள். வேறெதற்கும் அவள் கை நின்று நான் பார்த்ததில்லை.

சத்துணவைச் சொல்லாமல் அந்தக் காலத்தைப் பேச முடியாது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். பாப்பாக்குறிச்சியில் தொடங்கிவைத்தார். நானும் அந்தத் தட்டில் சாப்பிட்டவள்தான், சோற்றுக்கு நன்றி மறக்க மாட்டேன். ஆனால் அந்தச் சோற்றைப் பொங்கியது யார்? கைம்பெண்கள், ஆதரவற்ற பெண்கள். அவர்களுக்கு அரசு வேலை கொடுத்தது, நல்லதுதான். அந்த வேலையைச் சேவை என்று புகழ்ந்தே அதற்கான கூலியைக் குறைத்தது. முறையான காலமுறை ஊதியமும் ஓய்வூதியமும் கேட்டு இன்றைக்கும் அவர்கள் மறியலில் உட்கார்ந்திருக்கிறார்கள். தலைவர் வள்ளல் ஆனார், விறகுப் புகை அந்தப் பெண்களின் கண்ணில் தங்கியது.

நான் சொல்ல வருவது இதுதான். எண்பதுகளின் தொடக்கத்தில் எந்தப் பொருளும் தானாக மலிவாக இருக்கவில்லை. இட்லி 25 காசுக்குக் கிடைத்தால் யாரோ ஒருத்தி ஆட்டுரலில் உட்கார்ந்திருந்தாள் என்று பொருள். ஐந்நூறு ரூபாயில் குடும்பம் ராஜா மாதிரி இருந்தால், ஒருத்தி கடைசியாகச் சாப்பிட்டாள், பழையதைச் சாப்பிட்டாள், சில நாள் சாப்பிடவில்லை என்று பொருள். அந்தத் துண்டு விழுந்த தொகையை அவள் நேரத்தாலும் உடம்பாலும் கட்டினாள். அதற்கு ரசீது கிடையாது. இன்று விலைப்பட்டியலைப் பார்த்து உருகுகிற ஆண்கள், அந்தத் தொகையைத் தங்கள் அப்பாக்களின் சிக்கனம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அம்மாவின் நோட்டில் ஆங்காங்கே 'அ' என்று ஒரு எழுத்து வரும். நெடுநாள் எனக்குப் புரியவில்லை. அடகு. 'தோடு அ. 120'. பிறகு 'தோடு மீட்பு'. மறுபடி 'தோடு அ. 150'. 1982இல் மட்டும் நான்கு முறை அந்தத் தோடு காதுக்கும் கடைக்கும் போய்வந்தது. மூன்று நோட்டுகளிலும் அவள் தனக்கென்று எழுதிய செலவு ஒன்றே ஒன்று. 'எனக்கு வளவி .75'.

இன்னொரு பக்கம் இருக்கிறது, அதைத் திறக்க எனக்கு இன்னும் கை வருவதில்லை. 1983 ஜூன். கபில்தேவ் கோப்பையைத் தூக்கிய மாதம். பள்ளி திறக்கும் மாதமும் அதுதான். செலவுப் பக்கத்தில் 'சின்னவ நோட்டு, சிலேட்டு' என்று என் கணக்கு இருக்கிறது. அக்காவுக்கு எதுவும் இல்லை. ஜூலையிலிருந்து வரவுப் பக்கத்தில், பெட்டிக் கூலிக்குக் கீழே, ஒரு புதிய வரி தொடங்குகிறது. 'பெரியவ கூலி'. அக்காவுக்கு அப்போது பதின்மூன்று வயது. நான் இன்று வகுப்பில் நின்று சங்கப் பாடல் நடத்துவது அந்த வரியின் மேல் நின்றுகொண்டுதான். இதைச் சொன்னால் அக்கா, "விடு பாப்பா, பழைய கத" என்பாள். அவளுக்குப் பழைய கதை, எனக்கு இல்லை.

விழா முடிந்த மறுநாள் அந்த நோட்டுகளை வகுப்புக்குக் கொண்டுபோனேன். பலகை எழுதிய மாணவி நெடுநேரம் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த விழாவுக்கும் கடை போடுவோம் மேடம், ஆனா பலகையில இன்னொரு பத்தி சேர்க்கணும் என்றாள். செய்தவருக்கு எவ்வளவு என்று ஒரு பத்தி. தீப்பெட்டிக்கு எழுதிவிட்டாள். இட்லிக்கு வந்து நின்றாள்.

"மாவாட்டினதுக்கு எவ்வளவு மேடம் போடுறது?"

கூலி எனக்குத் தெரியவில்லை. ஒரு படி அரிசியும் உளுந்தும் ஆட்டி எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று அம்மா சொல்லியிருந்ததைச் சொன்னேன். அதை எழுதிக்கொண்டாள்.