தீவகத்துக் கிணறுகளும் விஞ்ஞானிகளின் தீர்ப்பும்

பூமி சூடேறுவது இயற்கையின் திருவிளையாடல், அதற்கு மனிதன் என்ன செய்வான் என்று வாதிப்போர் நம்மிடையே இன்னும் உளர். படித்த பெருமக்கள் சிலரும் அப்படிப் பேசுவதே விந்தை!

விஞ்ஞான உலகம் இதிற் பிளவுபட்டு நிற்கவில்லை. ஐக்கிய நாடுகள் சார்பில் 1988இல் அமைந்த காலநிலை ஆய்வுக் குழு, வளியும் கடலும் நிலமும் வெப்பமுற மனிதனே காரணம் என்பதில் ஐயமில்லை என 2021இல் அறுதியிட்டது. எண்ணெய் விற்று வாழும் அரசுகளின் பிரதிநிதிகளும் உடனிருந்து, வரிவரியாகப் பார்த்து ஒப்பிய வாசகம் அது. கை தூக்கியோர் தொகையால் மட்டும் உண்மை நிலைபெறுவதில்லை என்பது மெய்யே. ஆதலின் சான்றைப் பாருங்கள். நிலக்கரியும் எண்ணெயும் எரிந்து வந்த காபனைக் காற்றிலே தனித்து அடையாளங் காண முடிகிறது. கதிரவனே குற்றவாளியாயின் மேல்வளிமண்டலமும் சூடேற வேண்டும். அதுவோ குளிர்ந்து வருகிறது. பிறகென்ன வழக்கு?

நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் ஊர்காவற்றுறைக்கும் இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. ஆறில்லாத மண் நமது. மாரி மழை சுண்ணக்கல்லில் இறங்கி, கனத்த உவர்நீரின்மேல் மெல்லிய போர்வையாய் மிதக்கிறது. அதுவே நம் கிணற்று நன்னீர். கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பதடி ஆழத்துக்கு உவரைத் தள்ளி வைக்கும் என்பது கணக்கு. அந்த ஓரடி போனால் போவது எவ்வளவு என்பதை உழவர் தாமே எண்ணிக்கொள்வர். 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரி 20 சென்ரிமீற்றர் உயர்ந்துவிட்டது. கடல் ஏற ஏற, தாழ்ந்த தீவில் நன்னீர் மேலெழ இடமின்றிப் போர்வை மெலியும்.

எனினும், உவர் முழுவதையும் காலநிலையின் தலையிற் கட்டுவது நேர்மையன்று. துலா மிதித்த காலத்தில் கிணறு ஊறும்வரை காத்திருந்தோம். இயந்திரம் வந்தபின் அடி உவரையும் சேர்த்தே உறிஞ்சுகிறோம். உலகின் புகையை நிறுத்த நம்மால் ஆகாது. நம் இறைப்பை அளவோடு வைத்துக்கொள்ள ஆகும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்குச் சூரிய, காற்று மின்சாரம் தர 2024இல் ஒப்பந்தமாயிற்று. நன்று. ஆனால் விளக்கெரிந்தால் மட்டும் நாவறட்சி தீருமா?

தீவுதோறும் கிணறுகளின் உப்பளவை மாதந்தோறும் அளந்து ஊரறிய ஒட்டுவார்களா? மாரிக்கு முன் குளங்கள் தூர்வாரப்படுமா? வாக்குக் கேட்டுக் குறிகட்டுவானில் வள்ளமேறி வருவோரிடம் இதையே முதலிற் கேட்போம்.