பதிவேடு சரி, கோப்பு இல்லை

போன வாரம் பேரன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். ராத்திரி சாப்பிட்டதும் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தவன், பதினொரு மணி ஆகியும் எழுந்திருக்கவில்லை. "என்னடா அப்படி வேலை?" என்று கேட்டேன்.

"ஒரு ஃபைலை யாருமே வெச்சுக்கலைன்னு நினைச்சு சிஸ்டம் அதை அழிச்சிடுது தாத்தா. ஆனா ஒருத்தர் கையில அது இருக்கு. எங்க தப்புன்னு தேடிக்கிட்டிருக்கேன்" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பத்தைந்து வருஷ குமாஸ்தா உத்தியோகத்தில் நான் செய்த ஒரு பிழையை இவனுக்கு யார் சொன்னது என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, அவன் பேசியது லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் பற்றி.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பிரெஞ்சில் 'ஃபில்' என்றால் நூல். காகிதங்களை நூலில் கோத்துத் தொங்கவிட்ட வழக்கத்திலிருந்துதான் இங்கிலீஷ்காரனுக்கு 'ஃபைல்' வந்தது. நம் 'கோப்பு'ம் கோப்பதிலிருந்து வந்ததே. ஆகவே கம்ப்யூட்டர் தெரியாவிட்டாலும் கோப்பைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு என்று எடுத்துக்கொள்கிறேன்.

பேரன் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். கணினிக்குள் ஒரு கோப்பை ஒரே நேரத்தில் பல நிரல்கள் திறந்து வைத்திருக்கும். எத்தனை பேர் கையில் இருக்கிறது என்று ஓர் எண்ணிக்கை ஓடும். திறந்தால் ஒன்று கூடும், மூடினால் ஒன்று குறையும், பூஜ்யமானால் அதற்குக் கொடுத்த இடத்தைப் பறித்து வேறொன்றுக்குக் கொடுத்துவிடலாம். இதற்கு ரெஃபரன்ஸ் கவுண்ட் என்று பெயர். நம் பதிவறைக்காரர் வைத்திருந்த பதிவேடுதான் இது.

சங்கடம் எங்கே வருகிறது? இரண்டு பேர் ஒரே கணத்தில் பதிவேட்டைத் தொடும்போது. எண்ணிக்கை 2 என்று இருக்கிறது. இருவரும் 2 என்று படித்து, இருவரும் மனசுக்குள் ஒன்று கூட்டி, இருவரும் 3 என்று எழுதுகிறார்கள். இருக்க வேண்டியது 4. பிறகு மூன்று பேர் திருப்பிக் கொடுத்ததும் கணக்கு பூஜ்யம், ஆனால் நாலாவது ஆள் கையில் கோப்பு இருக்கிறது. இதைத்தான் ரேஸ் கண்டிஷன் என்கிறார்கள். லட்சம் முறை சரியாக நடக்கும், ஒரு முறை தப்பும். சோதித்துப் பார்க்கும்போது சிக்காது.

இனி என் கதை. 1980களின் தொடக்கம். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். அப்போது முடித்த கோப்புகளுக்கு ஆயுள் உண்டு என்பது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஆர்.டிஸ். நிரந்தரம், டி.டிஸ். பத்தாண்டு, எல்.டிஸ். ஓராண்டு. ஆயுள் முடிந்தவற்றின் பட்டியல் எல்லாப் பிரிவுக்கும் சுற்றுக்கு வரும். 'தேவையில்லை' என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டால் கட்டிப் போட்டுவிடுவார்கள்.

பழவேற்காடு பக்கத்துக் குப்பம் ஒன்றிலிருந்து ஓர் அம்மா. கணவர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. உதவித்தொகை கேட்டுக் கொடுத்த மனுவை 'ஆவணம் போதவில்லை' என்று முடித்து எல்.டிஸ். ஆக்கியிருந்தோம். உள்ளே கூடப்போய் உயிர் தப்பிய இரண்டு பேரின் கைநாட்டு வாக்குமூலம், அசல், இருந்தது.

ஒரு நாள் காலை அழிப்புப் பட்டியல் என் மேஜைக்கு வந்தது. தன் பதிவேட்டைப் பார்த்தேன். அந்தக் கோப்பு சம்பந்தமாக நிலுவை எதுவும் இல்லை. 'தேவையில்லை' என்று எழுதினேன். அன்று மாலைத் தபாலில் அந்த அம்மாவின் மேல்முறையீடு வந்தது. எண் போட்டு, பழைய கோப்பை எடுத்து வைக்கும்படி பதிவறைக்குச் சீட்டு எழுதினேன். சீட்டு மறுநாள் காலைக் கட்டோடு போயிற்று. அதற்குள் கோப்பு காகித மூட்டையோடு போய்விட்டது.

காலை பதினொரு மணிக்கு என் ஒப்பம் சரி. மாலை நாலு மணிக்கு அதே ஒப்பம் தப்பு. நடுவில் என்னை யாரும் மறுபடி கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று விதியும் இல்லை. பதிவறை என் மேஜையிலிருந்து இருபது தப்படி. எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாளைக்குப் போகும் என்று உட்கார்ந்திருந்தேன்.

விசாரித்த மேலதிகாரி, "பதிவேடெல்லாம் சரியா இருக்கு, உம்ம மேல தப்பில்லை" என்றார். உண்மைதான். எல்லாப் பதிவேடும் சரி, கோப்பு மட்டும் இல்லை. அந்த அம்மா, "ஐயா, நான் குடுக்கவே இல்லைங்கிறீங்களா?" என்று கேட்டார். வாக்குமூலம் கொடுத்த இருவரில் ஒருவர் அதற்குள் இறந்துபோயிருந்தார். மூன்று வருஷம் நடந்தார், பிறகு வருவதை நிறுத்திக்கொண்டார். பணம் கிடைக்கவில்லை.

பேரனிடம் இதைச் சொன்னேன். "இதே பிழைதான் தாத்தா" என்றவன், லினக்ஸில் 2021 டிசம்பரில் சரிசெய்த ஒன்றைச் சொன்னான். யான் ஹார்ன் என்பவர் கண்டுபிடித்தது, திருத்தியவர் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே. பட்டியலில் கோப்பைக் கண்டுபிடிப்பதற்கும் எண்ணிக்கையில் ஒன்று கூட்டுவதற்கும் நடுவே இன்னொருவர் அதை மூடிவிட முடியும் என்பதுதான் பிழை. திருத்தம் சில வரிகளே. கோப்பைக் கையில் எடுத்துப் பெயரைப் பதிந்த பிறகு, பட்டியலை மறுபடி ஒரு முறை பார். அந்த எண்ணில் இன்னமும் இதே கோப்புதானா? இல்லையென்றால் கையிலிருப்பதை வைத்துவிடு.

"ஒரே பூட்டுப் போட்டு ஒவ்வொருத்தராக விட்டால் என்ன?" என்று கேட்டேன். நம் பழவேற்காடு ஏரியில் பாடு முறை இருக்கிறதே, யார் எந்த இடத்தில் எந்த நாள் வலை கட்டலாம் என்று முறை வைத்துப் போவார்கள், சண்டை வராது. அதுவும் உண்டாம், ஆனால் விநாடிக்கு லட்சக்கணக்கில் கோப்பு திறக்கும் இடத்தில் வரிசை நீண்டுவிடுமாம். அதனால் 2002-லிருந்து லினக்ஸில் வேறொரு ஏற்பாடும் இருக்கிறது. அதன்படி யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பார்க்கலாம். ஆனால் ஒன்றைப் பட்டியலிலிருந்து எடுத்தால், அந்த நேரத்தில் உள்ளே இருந்தவர்கள் அத்தனை பேரும் வெளியே வந்த பிறகே அழிக்க வேண்டும். இந்த ஒரு விதி எங்கள் பதிவறையில் இருந்திருந்தால்!

இன்னொன்றும் சொன்னான். 2016 ஜனவரியில் சாவிக்கொத்து என்ற பகுதியில் ஒரு பிழை வெளியாயிற்று. எண்ணிக்கையைக் குறைக்க மறந்த ஓர் இடம். வேண்டுமென்றே திரும்பத் திரும்பக் கூட்டினால் 429 கோடியைத் தாண்டி, பழைய ஸ்கூட்டர் மீட்டர் போலச் சுற்றிப் பூஜ்யத்துக்கு வந்துவிடும். அடுத்த ஆண்டு 4.11 பதிப்பில் புது எண்ணி வந்தது. அது எல்லை தாண்டினால் சுற்றாது, அப்படியே உறைந்து நின்றுவிடும். உறைந்தால் அந்தப் பொருளை அழிக்கவே மாட்டார்கள். கொஞ்சம் இடம் வீணாகும், ஆனால் ஒருவர் கையில் இருப்பதைப் பிடுங்கி அடுத்தவருக்குக் கொடுக்கும் ஆபத்து இல்லை. சந்தேகம் வந்தால் அழிக்காதே, வைத்துக்கொள் என்பதே அதன் பொருள்.

என் கருத்து இதுதான். இன்று பட்டா, முதியோர் ஓய்வூதியம், ரேஷன், பென்ஷன் எல்லாமே சர்வரில். உலகத்து சர்வர்களில் பெரும்பகுதி லினக்ஸில்தான் ஓடுகிறது. அதை எழுதியவர்கள், தங்கள் கணக்கு தப்பலாம் என்று ஒப்புக்கொண்டு, தப்பும் இடத்தைப் பெயர் சொல்லி ஊரறியத் திருத்துகிறார்கள். ஆனால் அதை வைத்து வேலை பார்க்கும் நம் ஜன்னல்களில் மட்டும், "சிஸ்டத்துல இல்லை" என்றால் கொடுத்தவர் பொய் சொல்கிறார் என்று ஆகிவிடுகிறது. பதிவேட்டில் இல்லை என்பதும் கொடுக்கவில்லை என்பதும் ஒன்றல்ல. நான் அதைக் கற்றுக்கொள்ள ஒரு குடும்பம் விலை கொடுத்தது.

ஆகவே ஜன்னலுக்கு உள்ளே இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். எதையும் அழிக்கும் முன் இன்னொரு தரம் கேளுங்கள், சந்தேகமிருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். வெளியே நிற்கும் என் வயதுக்காரர்களுக்குச் சொல்வது, அசலைக் கொடுக்காதீர்கள், கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள்.

மறுநாள் காலை காபி குடிக்கும்போது, "கண்டுபிடிச்சிட்டேன் தாத்தா, நாலு வரிதான்" என்றான் பேரன். நாலு வரிக்காக ராத்திரி இரண்டு மணிவரை விழித்திருக்கிறான். நான் இருபது தப்படி நடக்காதவன்.