சுவரில் மூன்று பென்சில் கோடுகள்

கேமரன் மலை மாவட்ட அதிகாரிக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா,

பிரிஞ்சாங்கில் எங்களுக்கு மேல் வரிசையில் ஓர் அக்காள் குடியிருக்கிறார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தே பிள்ளைகளை ஆளாக்கியவர். அவர் வீட்டுச் சமையலறையின் பின்சுவர் மலைச்சரிவை ஒட்டி நிற்கிறது. அந்தச் சுவரில் ஒரு விரிசல். அது எதுவரை ஏறியிருக்கிறதோ அங்கே பென்சிலால் கோடு கிழித்து, பக்கத்தில் தேதி எழுதி வைத்திருக்கிறார். மூன்று தீபாவளிக்கு மூன்று கோடுகள். முதல் கோட்டுக்கும் மூன்றாவது கோட்டுக்கும் இடையில் ஒரு சாண் இருக்கும். “எதுக்கு அக்கா இதை அளக்கிறீங்க?” என்று கேட்டேன். “யாராவது வந்து கேட்டா காட்டணும்ல தம்பி” என்றார்.

அவர் எதிர்பார்க்கும் அந்த ‘யாராவது’ நீங்களாக இருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். மாவட்டப் பேரிடர் நிர்வாகக் குழுவுக்குத் தலைவர் நீங்கள்தான்.

எங்கள் மலையின் அடி கருங்கல். காலங்காலமாகப் பெய்த மழை அந்தப் பாறையை மேலிருந்து மக்க வைத்து, பல இடங்களில் பல மீட்டர் ஆழத்துக்கு மண்ணாக்கிவிட்டது. மக்காமல் மிஞ்சிய பாறை உருண்டைகள் அந்த மண்ணுக்குள்ளேயே கிடக்கின்றன. சில பானை அளவு, சில லாரி அளவு. சாலைக்கோ கட்டடத்துக்கோ காய்கறிப் பாத்திக்கோ சரிவை வெட்டும்போது அவற்றின் முகம் வெளியே தெரியும். சுற்றியிருக்கும் மண்ணை மழை அரித்துவிட்டால் பிறகு உருண்டைக்குப் பிடிமானம் இல்லை. இங்கே ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூடாரங்களின் மேல் விழும் மழை மண்ணில் ஊற வழியில்லாமல் மொத்தமாகக் கீழே பாய்கிறது. ஆகவே, மேலே ஒருவர் வடிகாலை எப்படி வெட்டுகிறார் என்பதைப் பொறுத்துத்தான் கீழே இருப்பவரின் தூக்கம் இருக்கிறது.

இதே கேமரன் மலையில், 1961 மே மாதம் ரிங்லெட்டில் மண் சரிந்து 16 பேர் மாண்டார்கள். 2024 ஜனவரி 26 அன்று, பொழுது விடியுமுன், புளூ வேலியில் மியன்மாரிலிருந்து வந்த ஐந்து தொழிலாளர்கள் மண்ணுக்குள் போனார்கள். சிம்பாங் பூலாய் வழியாக இறங்கினால் வரும் ஈப்போவிலும் ஒரு பழைய காயம் உண்டு. தைப்பூசத்துக்குக் காவடி வந்து சேரும் அதே குனோங் சீரோவில், 1973 அக்டோபர் 18 அன்று சுண்ணாம்புப் பாறை பெயர்ந்து விழுந்து ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள்.

சரிவுகளை ஆராய நம் நாட்டில் ஆள் இல்லாமல் இல்லை. 2003இல் புக்கிட் லஞ்சானில் பாறை சரிந்து நெடுஞ்சாலை மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. அதற்கடுத்த ஆண்டே பொதுப்பணித் துறையில் சரிவுப் பொறியியலுக்கென்று தனிப்பிரிவு பிறந்தது. கனிம, புவி அறிவியல் துறை சரிவு அபாய வரைபடங்களை வரைகிறது. கேமரன் மலையும் அவற்றில் அடங்கும். அந்த உழைப்பை மதிக்கிறேன். அது தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயம் வரைக்கும் வந்து சேர வேண்டும் என்பதே என் கவலை.

ஏனென்றால், ஆபத்து இருப்பது தெரிந்தும் எங்கள் சனம் செத்திருக்கிறது. இலங்கையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்துக்கு 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டது. மாற்று வீடு கைக்கு வராமல் மக்கள் லயத்திலேயே இருந்தார்கள். 2014 அக்டோபர் 29 காலையில் மலை இறங்கி லயங்களை மூடியது. கேரளாவின் மூணாறு பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு லயங்களின் மேல் மலை சரிந்து 70 பேர் போனார்கள். தொலைபேசித் தொடர்பு அறுந்து கிடந்ததால் மறுநாள் காலையில்தான் வெளியே தகவல் எட்டியது. இரண்டு இடத்திலும் சரிவுக்கடியில் படுத்திருந்தவர்கள் தேயிலைத் தொழிலாளர்கள், தமிழர்கள். எங்களைப் போன்றவர்கள்.

இதை மாற்ற முடியும் என்பதற்கு ஹாங்காங் சாட்சி. 1972இலும் 1976இலும் சரிவுகளில் பலரைப் பறிகொடுத்த அந்த ஊர், 1977இல் இதற்கென்றே ஓர் அலுவலகம் திறந்தது. இன்று மனிதர் வெட்டிய ஏறத்தாழ 60,000 சரிவுகளுக்கு அங்கே பதிவு எண் இருக்கிறது. எண் பொறித்த தகடு சரிவிலேயே மாட்டியிருக்கிறது. எந்தச் சரிவை யார் பராமரிக்க வேண்டும் என்பதைப் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

ஐயா, நான் கேட்பது மூன்றுதான்.

முதலாவது, பிரிஞ்சாங்கிலும் சுற்றுத் தோட்டங்களிலும் குடியிருப்பை ஒட்டிய ஒவ்வொரு வெட்டுச் சரிவுக்கும் எண் கொடுங்கள். பொறுப்பாளர் யார், கல் உருண்டால் யாரை அழைப்பது என்பதைப் பலகையில் எழுதி அங்கேயே நட்டு வையுங்கள்.

இரண்டாவது, அபாய வரைபடத்தைக் கோயிலிலும் பள்ளியிலும் சூராவ் தொழுகைக்கூடத்திலும் சந்தையிலும் ஒட்டுங்கள். மலாய், சீனம், தமிழ் மூன்றிலும் இருக்கட்டும். காய்கறித் தோட்டத்தில் உழைக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு அவர்கள் மொழியிலேயே ஆள் வைத்துச் சொல்லுங்கள். ஆபத்தான கொட்டகையில் தூங்குபவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

மூன்றாவது, அக்டோபர் மழைக்கு முன் ஒரு நாள் குறியுங்கள். எவ்வளவு மழை பெய்தால் வீட்டை விட்டு வெளியேற வேண்டும், எந்தப் பக்கம் ஓட வேண்டும், எங்கே தங்க வேண்டும் என்பதை லயம் லயமாக நடந்தே காட்டுங்கள். பெயர்ந்தே ஆக வேண்டிய குடும்பங்களுக்கு வீடு எங்கே, எப்போது என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள்.

உங்கள் பொறியாளர்கள் வரும்போது எங்களிடமும் கேட்கச் சொல்லுங்கள். எந்த ஊற்று திடீரென்று கலங்கியது, எந்த மரம் சாய்ந்தது, எந்த வாய்க்கால் பிளந்தது என்று நாங்கள் சொல்வோம். அந்த அக்காளின் சுவரையும் பாருங்கள். தேதியோடு கணக்கு வைத்திருக்கிறார். அடுத்த தீபாவளிக்கு அவர் நாலாவது கோட்டைக் கிழிக்கும் முன் வந்துவிடுங்கள். நானே அழைத்துப் போகிறேன்.

இப்படிக்கு,
பிரிஞ்சாங் குடியிருப்பாளன்