ஊதியமில்லா நீதி

1987 இல் நெல்லியடி மத்திய மகா வித்தியாலயம் இராணுவ முகாமாக இருந்தது. அவ்வாண்டு யூலை 5 ஆம் நாள் வெடிமருந்து ஏற்றிய லொறியொன்று அங்கே மோதி வெடித்தது. பள்ளிக்கூடம் எப்போது போரின் இலக்காகிறது? சர்வதேசச் சட்டத்தின் இந்தச் சிக்கலான வினாவை நம் பிள்ளைகள் பெற்றோர் வாயாற் கேட்டே வளர்கிறார்கள்.

அவர்களுள் ஒருத்தி சட்டம் பயின்று, ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்திற் பயிற்சிபெற விரும்பினால் நேர்வதென்ன? நீதிபதிகளிடம் பணிபயிலும் திட்டம் அங்கே உண்டு. பட்டதாரியை முன்மொழியும் பல்கலைக்கழகமே செலவையும் ஏற்கவேண்டுமென்பது அதன் விதி. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் ஏற்கும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் எதைக்கொண்டு ஏற்கும்? வளர்முக நாட்டவர்க்கென ஒரு நிதியத்துக்கு ஐ.நா. பொதுச்சபை 2020 இல் இசைந்தது. நன்று, ஆனால் அதுவும் கொடையாளர் கையை நம்பியதே.

ஐ.நா. செயலகமோ தன் பயிற்சியாளருக்கு ஊதியமே தருவதில்லை. 2015 இல் ஜெனீவாவில் நியூசிலாந்து இளைஞர் ஒருவர் கூடாரமடித்துத் தங்கியதை உலகமே கண்டது. நியூசிலாந்துக்காரருக்கே கூடாரமென்றால், வெங்காயம் விற்றுப் பிள்ளையைப் படிப்பிக்கும் வடமராட்சித் தோட்டக்காரர் எங்கே போவார்?

“அனுபவமே ஊதியம்” என்று சமாதானஞ் சொல்வோர் உளர். உழைக்கும் எவருக்கும் நியாயமான ஊதியம் உரித்தென்று 1948 இல் மனித உரிமைப் பிரகடனத்தின் 23 ஆம் உறுப்புரையிற் பொறித்தது எந்தச் சபை? பணமில்லையென்ற சாக்கும் செல்லாது: உலக சுகாதார நிறுவனம் 2020 இல் பயிற்சியாளருக்கு உதவித்தொகை வழங்கத் தொடங்கிற்று. செயலகத்துக்கு மட்டும் என்ன தடை என்று நாம் கேட்கிறோம்.